லோகோ போடுபவர் வெப்சைட்டும் செய்து கொடுக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: சென்னையில் தனி ஆளாக நாலைந்து வருடமாக லோகோ, பேக்கேஜிங், பிராண்ட் கைட்லைன் (லோகோ, கலர், எழுத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற கையேடு) செய்து கொடுக்கிறீர்கள். வேலை முடிந்து ஃபைல் கைமாறும் நேரத்தில் பாதிப் பேர் "அப்படியே வெப்சைட்டும் பண்ணிக் குடுத்துடுங்களேன்" என்கிறார்கள். உங்களுக்குக் கோடிங் தெரியாது. முடியாது என்றால் அவர் வேறு ஆளைத் தேடிப் போகிறார். அந்த ஆள் உங்கள் லோகோவை இழுத்து நீட்டி, கலரையும் மாற்றித் தளத்தில் ஒட்டிவிடுகிறார். கொஞ்ச நாளில் அடுத்த பேக்கேஜிங் வேலையும் அவரிடமே போய்விடுகிறது. அதனால் கோடிங் கற்றுக்கொள்வதா, ஒரு டெவலப்பரைச் சேர்த்துக்கொள்வதா, எவ்வளவு கேட்பது என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கோடிங் பற்றிய கேள்விதான். ஆனால் கைக்கு வந்த வாடிக்கையாளரையும் விடக்கூடாது, தெரியாத வேலையில் போய் மாட்டிக்கொள்ளவும் கூடாது, அதற்கு என்ன வழி என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இரண்டையும் செய்கிறேன். திருவல்லிக்கேணியில் ஒரு பிரஸ்ஸில் டி.டி.பி. (கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும்) ஆளாகத் தொடங்கி, பிராண்டிங் பக்கம் வந்து, வாடிக்கையாளர்கள் பிடித்துத் தள்ளியதால் வெப்புக்குள் விழுந்தவன். எனக்கு வருகிறவர்கள் சிறு, நடுத்தரத் தொழில்காரர்கள்: மசாலா, ஜவுளி, கிளினிக், கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகள். ஓ.எம்.ஆர். மென்பொருள் நிறுவனங்களுக்கோ வெளிநாட்டு கிளையன்டுக்கோ வேலை செய்த பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் அந்த ரகம் என்றால் விலை, ஒப்பந்தம் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

சுருக்கமான பதில்: செய்யுங்கள். ஆனால் "வெப்சைட் செய்து தருகிறேன்" என்று மொத்தமாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். லோகோ என்பது முடிகிற வேலை. ஃபைல் மெயிலில் போய், கடைசித் தவணை வந்துவிட்டால் கணக்கு முடிந்தது. வெப்சைட் கைமாறுகிற அன்றுதான் தொடங்குகிறது. வாடகைக்கு விட்ட வீடு மாதிரி, குழாய் ஒழுகினாலும் ஃபியூஸ் போனாலும் ராத்திரி பத்து மணிக்கு ஓனருக்குத்தான் போன் வரும். எதுவரை உங்கள் பொறுப்பு, எங்கிருந்து கிளையன்டின் பொறுப்பு, எதற்கு டெவலப்பர் பதில் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கோடு போட்டுவிட்டால் இந்தச் சேவையில் லாபம் உண்டு. போடாவிட்டால் பிராண்டிங்கில் சம்பாதித்ததை இதில் விடுவீர்கள். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

முதலில் உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்போம், ஏனென்றால் அதைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். நம்மூர்ச் சின்னக் கடைகளின் தளங்கள் சுமாராக இருப்பதற்குப் பெரும்பாலும் கோடிங் காரணமில்லை. யாரோ ஒரு ரெடிமேட் 'தீம்' (தளத்துக்கான தயார் வடிவம்) வாங்கி, லோகோவை ஒட்டி, காலி இடங்களை நிரப்பிவிடுகிறார்கள். பிராண்டை யோசித்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. உங்கள் பழைய லோகோ ஒன்றை எடுத்து மொபைலில் வைத்துப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பிரவுசர் கணக்குக்கு அகலம் 360 பிக்சல்தான். மேல்பட்டைக்கு 60 பிக்சல் உயரம் என்றால், மேலும் கீழும் விட்ட இடம் போக லோகோவுக்குக் கிடைப்பது 40. மேலே சின்னம், நடுவில் பெயர், அடியில் தொடங்கிய வருடம் என்று மூன்றடுக்காகப் போட்ட லோகோவில் அந்த மூன்றாவது வரி அழுக்குக் கோடாகத்தான் தெரியும். படுக்கைவாக்கில் ஒன்று, சின்னம் மட்டும் ஒன்று, பிரவுசர் டேபில் நிற்கும் 16 பிக்சல் ஃபேவிகானுக்கு இன்னும் எளிதாக்கிய ஒன்று என்று வேண்டியிருக்கும். எதைக் கழிக்கலாம், எதைக் கழித்தால் பிராண்டே போய்விடும் என்பதை லோகோ போட்டவர்தான் சொல்ல முடியும். அதை எஸ்.வி.ஜி. ஃபைலாக (எந்த அளவிலும் உடையாத பட வடிவம்) கொடுத்துவிட்டால் டெவலப்பர் உங்கள் பி.டி.எஃப்.பிலிருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டும் கொடுமையும் நிற்கும்.

கலரும் அப்படித்தான். மஞ்சள் மங்களகரம், பாக்கெட்டில் பளிச்சென்று நிற்கும். அதே மஞ்சளில் வெள்ளைப் பின்னணி மேல் விலையை எழுதினால், மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று போனைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல் வழிகாட்டி நெறி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1. அளந்து காட்டும் இலவசக் கருவிகள் நெட்டில் நிறைய உண்டு. உங்கள் கைட்லைனில் அச்சுக்கான சி.எம்.ஒய்.கே., பேன்டோன் நிற எண்களோடு, "இந்த மஞ்சளின் மேல் கறுப்பு எழுத்து மட்டும், வெள்ளையின் மேல் இந்த மஞ்சளில் எழுத்தே கூடாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதோடு ஃபான்ட் லைசென்ஸையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்களில் பெரும்பாலும் டெஸ்க்டாப் லைசென்ஸ் வேறு, வெப் லைசென்ஸ் வேறு. லோகோவுக்கு வாங்கியதைத் தளத்தில் ஏற்றிவிட்டுப் பிறகு நோட்டீஸ் வந்தால், வாங்கியது கிளையன்ட் பெயரில் இருந்தாலும் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

தமிழில் தளம் என்றால் உங்கள் மதிப்பு இன்னும் கூடும். கிளையன்ட் "மேட்டர் எல்லாம் ரெடியா இருக்கு" என்று அனுப்பும் பழைய நோட்டீஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். பாமினி, ஷ்ரீலிபி போன்ற பழைய தமிழ் ஃபான்ட்களில் அடித்திருக்கும். கண்ணுக்குத்தான் அது தமிழ். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். காப்பி செய்து பிரவுசரில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், கூகுளில் தேடினாலும் அகப்படாது. தமிழைத் தமிழாகவே கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் யூனிகோடுக்கு மாற்ற கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் நிறுத்தற்குறிகளும்தான் அதிகம் சிதையும். ஆங்கிலத்தில் இருந்த கம்பெனிப் பெயரே அர்த்தமில்லாத தமிழாக மாறி நிற்கும். பத்துப் பக்கத்துக்கு இது அரை நாள் வேலை. கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள், இல்லையென்றால் இலவசமாகிவிடும்.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன. ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் வருவதால் வணிகத் தளத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆங்கிலத் தீமில் தமிழைக் கொட்டும்போது மூன்று இடத்தில் உதைக்கும். வரி உயரம்: ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல 1.4 மடங்கு போதும் என்ற இடத்தில் தமிழுக்கு நான் 1.7 வைப்பேன், இல்லையென்றால் மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். எழுத்து இடைவெளி: ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கும், தமிழில் சொல்லே உடைந்து உதிரி எழுத்துகளாகச் சிதறித் தெரியும், பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள். சொல்லின் நீளம்: 'வாடிக்கையாளர்' என்று தொடங்கும் எதுவும் மொபைலில் பட்டனை விட்டு வழியும். இதெல்லாம் பெரிய ரகசியமில்லை, ஆனால் கவனிக்கிற கண் வேண்டும். எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய உங்களுக்கு அது இருக்கிறது.

பேக்கேஜிங் அனுபவத்துக்கும் இங்கே நேரடிப் பயன் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, கன்ஸ்யூமர் கேர் எண் போடுவது 2011ஆம் ஆண்டின் லீகல் மெட்ராலஜி பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் விதிகளின்படி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 ஜனவரி முதல் அந்த விவரங்கள் ஆன்லைனில் விற்கும் பக்கத்திலும் தெரிய வேண்டும், தயாரித்த அல்லது பேக் செய்த மாதமும் வருடமும் மட்டும் விலக்கு. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும், ரிட்டர்ன், ரீஃபண்ட் விவரங்களும் தளத்தில் இருக்கச் சொல்கின்றன. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனங்களும் கணக்கைத் திறந்துவிடும் முன் பிரைவசி பாலிசி, ரீஃபண்ட் பாலிசி, முகவரி எல்லாம் இருக்கிறதா என்று தளத்துக்குள் வந்து பார்ப்பார்கள். கடைசி நாளில் இந்தப் பக்கங்கள் இல்லாமல் கேட்வே கிடைக்காமல் தொங்கும் தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாக்கெட் வரைந்தபோதே இந்த விவரங்களைக் கிளையன்டிடம் வாங்கியவர் நீங்கள். வாங்கியதை ஒரு ஷீட்டில் போட்டு வைத்தால் தளத்துக்கும் அதே ஷீட் போதும்.

அப்புறம் கோடிங். ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். (பக்கத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் எழுதும் மொழிகள்) இரண்டையும் படித்தால் புரியும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். அதை எழுதிச் சம்பாதிக்கச் சொல்லவில்லை. ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் வரைந்த மூன்று பெட்டி, சின்னத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும்போது என்ன ஆகும் என்று வரையும்போதே தெரிந்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் இப்போதைக்கு வேண்டாம். கட்டுவதை டெவலப்பரிடம் விடுங்கள். ஒரே டெவலப்பருடன் தொடர்ந்து வேலை செய்வது நல்லது. பகலில் ஐ.டி. கம்பெனி, ராத்திரி நம் வேலை என்று இருப்பவர் குறைந்த ரேட்டில் கிடைப்பார், திறமையும் இருக்கும். ஆனால் காலை பதினோரு மணிக்குத் தளம் திறக்கவில்லை என்று கிளையன்ட் கூப்பிடும்போது அவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். முழுநேரம் ஃப்ரீலான்ஸ் செய்யும் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

அவரோடு எழுத்தில் ஒரு ஒப்பந்தம் இருக்கட்டும். சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஊழியர் எழுதும் புரோகிராம் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். தனி ஆளாக உங்களுக்கு எழுதிக் கொடுப்பவரின் புரோகிராமுக்கு முதல் உரிமையாளர் அவரே. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். டெவலப்பரிடமிருந்து உங்களுக்கு வராத உரிமையை நீங்கள் கிளையன்டுக்குக் கொடுக்க முடியாது. சொல்லப்போனால் நீங்கள் போடும் லோகோவுக்கும் இதே பிரிவுதான், உங்கள் இப்போதைய ஒப்பந்தத்தில் காலமும் இடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தப் பிளாட்ஃபார்ம் என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதைச் சாய்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கோடிங் இல்லாமல் தளம் கட்ட உதவும் ஃப்ரேமர், வெப்ஃப்ளோ போன்றவை டிசைனர் கைக்கு இதமானவை. அப்டேட் தொல்லை இல்லை, வரைந்தது வரைந்தபடி வரும். ஆனால் சந்தா டாலரில். 2021 அக்டோபரில் கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டுச் சந்தா நம்மூர்க் கார்டில் நிராகரிக்கப்படுவது சகஜமாகிவிட்டது. கிளையன்ட் அந்த மெயிலைப் பார்க்காமல் விட்டால் ஒருநாள் தளம் காணாமல் போகும். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளுக்குப் பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) அப்டேட், பேக்கப், பாதுகாப்பு என்று பராமரிப்பு வேண்டும், கவனிக்காமல் போட்டால் ஹேக் ஆகும். இருந்தாலும் நீங்கள் நாளை ஊரைவிட்டுப் போனாலும் கிளையன்டுக்கு அதைக் கையாள இந்த ஊரில் தெருவுக்கு ஒரு ஆள் கிடைப்பார். சிறு தொழிலுக்கு இதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். ஆன்லைன் விற்பனை என்றால் ஷாப்பிஃபை. ஆனால் முதல் வருடத்தில் விற்பனைத் தளங்களைத் தொடாதீர்கள். ஆர்டர் வரவில்லை, பணம் பிடித்தது ஆனால் ஆர்டர் பதியவில்லை என்று வரும் போன்களுக்கு உங்களிடம் ஆள் இல்லை.

டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளம் தங்கும் சர்வர் இடம்), மெயில் மூன்றும் கிளையன்ட் பெயரில், அவர் மெயிலில், அவர் கார்டில். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அம்பத்தூரில் ஷீட் மெட்டல் வேலை செய்யும் ஒருவர் தளத்தைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், முன்னால் செய்தவர் டொமைனைத் தன் பெயரில் வாங்கியிருக்கிறார், நம்பர் மாற்றிவிட்டார். ரின்யூவல் நினைவூட்டல் எல்லாம் அவருடைய இன்பாக்ஸுக்கே போய்க்கொண்டிருக்கிறது. பட்டறைக்கு வரும் பர்ச்சேஸ் ஆர்டர் முழுக்க அந்த டொமைனில் இருக்கும் மெயிலுக்கு. பட்டறைக்காரருக்குத் தளம் போனாலும் கவலையில்லை, வருடத்துக்கு நாலு பேர்தான் பார்ப்பார்கள் என்று சிரித்தார். மெயிலும் அதோடு போகும் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆளைத் தேடிப் பிடித்து ஓ.டி.பி. வாங்கி டொமைனை மாற்றியது டிசைன் செய்ததைவிடப் பெரிய வேலை.

மெயில் பற்றி இன்னொன்று. புது ஹோஸ்டிங்குக்குப் போகும்போது நேம் சர்வரை (டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் இடம்) மாற்றிவிட்டு, பழைய இடத்தில் இருந்த எம்.எக்ஸ். ரெக்கார்டை, அதாவது மெயில் எங்கே போக வேண்டும் என்ற குறிப்பை, புது இடத்தில் போட மறந்தால் தளம் அழகாகத் திறக்கும், மெயில் மட்டும் வராது. உடனே யாரும் கவனிக்க மாட்டார்கள். "இன்னைக்கு ஆர்டரே இல்லையே" என்று சாயங்காலம்தான் உறைக்கும். எதையும் தொடும் முன், இந்தக் குறிப்புகள் எல்லாம் இருக்கும் டி.என்.எஸ். பக்கத்தை முழுசாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்ற விடாதீர்கள்.

இனி பணம். பிராண்டிங்கில் பாதி அட்வான்ஸ், பாதி கடைசியில் என்று பழகியிருப்பீர்கள். வெப்பில் அந்தக் கடைசிப் பாதி மாட்டிக்கொள்ளும். காரணம் ஒன்றே ஒன்று: கன்டென்ட், அதாவது தளத்தில் போட வேண்டிய எழுத்தும் படமும், வராது. "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு நாலு பாரா எழுதித் தரச் சொன்னால் மூன்று மாதம் ஆகும். படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும், விவரம் வாய்ஸ் நோட்டாக வரும், மீதியை "நீங்களே நெட்ல பாத்துப் போட்டுக்கோங்க" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, எழுதுவது அவர்கள் தொழிலில்லை. எழுத்து வேலையை உங்கள் சேவையிலேயே சேர்த்து அதற்கும் காசு வாங்குங்கள். ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேச்சைப் பதிவு செய்து, நீங்களோ ஒரு எழுத்தாளரோ அதை எழுதிக் கொடுத்தால் போதும். தொகையை 50, 30, 20 என்று பிரியுங்கள்: தொடங்கும்போது, டிசைன் ஓகே ஆனதும், தளம் வெளியே போகும் முன். கூடவே ஒரு நிபந்தனை: டிசைன் ஓகே ஆகி 30 நாளில் கன்டென்ட் வராவிட்டால் மீதித் தொகை கட்ட வேண்டியதாகிவிடும், தளம் வெளியாகும் தேதிக்காகக் காத்திருக்காது. கேட்டதும் முகம் கொஞ்சம் சுருங்கும், ஆனால் கையெழுத்துப் போடுவார்கள். கன்டென்ட்டும் சீக்கிரம் வரும்.

பில்லை எப்படிப் போடுகிறீர்கள் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு மொத்த வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், நம் வேலைக்கு விகிதம் 18%. கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லட்சம் ரூபாய்க்குத் தளம், அதில் டெவலப்பருக்கு 40,000, டொமைன், ஹோஸ்டிங், ஃபான்ட் என்று 10,000, உங்களுக்கு நிற்பது 50,000. எல்லாவற்றையும் உங்கள் பில்லிலேயே போட்டால் இப்படி இருபது வேலையில் 20 லட்சம் வந்துவிடும், உங்கள் கையில் இருப்பதோ 10 லட்சம். பதிவு செய்துவிட்டால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்னக் கடைக்காரருக்கு அந்த 18% நேரடி விலையேற்றம், அவர் அதைக் கிரெடிட்டாக எடுத்துத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் டொமைனையும் ஹோஸ்டிங்கையும் கிளையன்டே நேரடியாகக் கட்டட்டும். பெரிய வேலைகளில் டெவலப்பரும் தன் பில்லைக் கிளையன்டுக்கே போடலாம். இதில் ஒரு நஷ்டமும் உண்டு: டெவலப்பரின் விலை கிளையன்டுக்குத் தெரிந்துவிடும், அடுத்தமுறை நேராக அவரிடமே போகலாம். வரம்புக்குக் கிட்டே வரும்வரை டெவலப்பர் வேலையையும் சேர்த்து நான் ஒரே பில்லாகத்தான் போடுவேன். கம்பெனி கிளையன்ட்கள் புரொஃபஷனல் ஃபீஸுக்கு வழக்கமாக 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு தருவார்கள், பணப்புழக்கத்தில் அதையும் கணக்கு வையுங்கள். இதற்குமேல் வரி விஷயத்தை என் வாயிலிருந்து கேட்காதீர்கள், ஒரு ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுத்துக் கேளுங்கள்.

பராமரிப்பை ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று தனியாகப் போடுங்கள். நம்மூர்த் தொழில்காரர்களுக்கு ஏ.சி.க்கும் ஜெனரேட்டருக்கும் ஏ.எம்.சி. கட்டிப் பழக்கம் என்பதால் விளக்கவே வேண்டாம். அப்டேட், பேக்கப், சின்ன எழுத்துத் திருத்தம் அதற்குள். புதுப் பக்கம், தீபாவளிக்கு ஒரு பேனர், பொங்கலுக்கு ஒரு பேனர் அதற்கு வெளியே, என்ன விலை என்று முன்கூட்டியே எழுதியிருக்கட்டும். ஏ.எம்.சி. வேண்டாம் என்பவருக்குப் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு மெயில் வாங்கிக்கொண்டு விலகிவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் டொமைன், லைசென்ஸ், உரிமை, விதிகள் பற்றியவை உறுதியானவை. இனி சொல்வது என் ஊகம். ஐந்து பக்க அறிமுகத் தளத்தைக் கட்டித் தருவதற்கு மட்டும் இன்னும் சில வருடத்தில் யாரும் நல்ல காசு தருவார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஏ.ஐ. கருவிகள் இப்போதே நிமிடங்களில் ஒரு மாதிரியைத் தள்ளிவிடுகின்றன. சுமாராக இருக்கிறது, ஆனால் சில ஆயிரத்துக்குத் தீம் ஒட்டித் தருபவரின் வேலையும் அவ்வளவு சுமார்தான். என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும், பார்த்ததும் யாருடையது என்று தெரிய வேண்டும் என்ற பகுதிக்கு மதிப்பு நிற்கும் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், கையில் ஆதாரம் இல்லை. அதனால்தான் கட்டுவதில் உங்கள் வருடங்களைப் போடவேண்டாம் என்கிறேன்.

இன்னொரு சங்கடமான விஷயம்: கேட்கிறவர் எல்லோருக்கும் வெப்சைட் தேவையில்லை. பக்கத்துத் தெருக்காரர்களை நம்பி நடக்கும் டெய்லர் கடைக்கும் பல் டாக்டருக்கும் கூகுள் மேப்பில் சரியான நேரம், நல்ல படங்கள், பதில் எழுதிய ரிவியூக்கள், வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு கேட்டலாக் இருந்தாலே ஆள் வருவார்கள். மாறாக, பட்டறை, ஏற்றுமதி, மொத்த வியாபாரம், பள்ளி, மருத்துவமனை போன்றவர்களிடம் பர்ச்சேஸ் மேனேஜரோ பெற்றோரோ வருவதற்கு முன் தளத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். முதல் வகையினரிடம் "உங்களுக்கு இப்போது வேண்டாம், மேப் பக்கத்தைச் சரிசெய்து தருகிறேன்" என்று சொல்லிச் சின்னதாக ஒரு தொகை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பத்துப் பேரிடம் உங்கள் பெயரைச் சொல்வார்.

தொடங்குவதற்கு, ஏற்கெனவே பிராண்டிங் முடித்து நல்ல உறவில் இருக்கும் ஒரு கிளையன்ட் போதும். விளம்பரம் செய்யாதீர்கள், போர்ட்ஃபோலியோவில் "வெப் டிசைன்" என்று தனிப் பக்கமும் இப்போது வேண்டாம். அந்த வேலை முடிந்ததும் லோகோ, பாக்கெட், தளம் மூன்றையும் ஒரே பிராண்டின் வேலையாகச் சேர்த்துக் காட்டுங்கள். அப்போது உங்களை யாரும் சில ஆயிரத்துக்குத் தளம் செய்பவரோடு வைத்துப் பேரம் பேச மாட்டார்கள்.

முதல் சந்திப்பிலேயே வெளியிடும் தேதியைக் கேட்டுவிடுங்கள். ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்க மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆவணியிலும் தையிலும் எல்லோரும் ஒரே முகூர்த்தத்தில் வந்து நிற்பார்கள். ஆடி மாதத்தைக் கட்டுவதற்கு வைத்துக்கொண்டால் டெவலப்பரும் ஃப்ரீயாக இருப்பார். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வெளியிட வேண்டும் என்று ஜோசியர் சொன்னதாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். டி.என்.எஸ். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரம் ஆகும், சிலசமயம் ஒரு நாள்கூட. அதனால் இரண்டு நாள் முன்பே மாற்றி, "விரைவில்" என்று ஒரு பக்கத்தை மட்டும் முன்னால் வைத்திருங்கள். நல்ல நேரத்தில் அந்த ஒரு பக்கத்தைக் கிளையன்ட் கையாலேயே எடுத்துவிடச் சொன்னால் போதும்.